டோனர் போட்ட இருபது கறுப்புக் குட்டிகள்

என் அக்காவிடம் நகலெடுக்க எதைக் கொடுத்தாலும் படித்துவிட்டுத்தான் திருப்பித் தருவாள். சொத்துப் பத்திரம், விவாகரத்து மனு, ரத்தப் பரிசோதனை முடிவு, காதல் கடிதம், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "அடுத்தவங்க காகிதத்தைப் படிக்கிறது தப்பில்லையாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "எழுத்து சரியா விழுந்திருக்கான்னு பாக்க வேணாமா?" என்றாள். எழுத்து விழுந்ததைப் பார்க்கிறவள் எதற்கு நடுவில் "அடப்பாவி" என்று சொல்லவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இருக்காது.

கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே கடை. நாலடி அகலம், பத்தடி நீளம். அதற்குள் இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்பைரல் பைண்டிங் மெஷின், கூரை வரைக்கும் காகிதப் பெட்டிகள், ஒரு ஸ்டூல், ஒரு அக்கா. மாணவர்களுக்கு அவள் ஜெராக்ஸ் அக்கா. எனக்கு எட்டு வயது மூத்தவள். அப்பா அம்மா போனபிறகு என்னைப் படிக்கவைத்து, மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலைக்கு விண்ணப்பம் எழுதியதும் அவள்தான், அதை மூன்று நகல் எடுத்ததும் அவள்தான். இந்த ஓட்டத்தில் தனக்கென்று ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ள அவளுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. நாற்பத்தேழு வயதாகிறது. அதைப் பற்றி யாராவது உச்சுக் கொட்டினால் அவர்களுடைய காகிதம் மெஷினில் தானாகவே சிக்கிக்கொள்ளும்.

அக்கா கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனால் பதினொரு வருஷமாக அந்தக் கல்லூரியின் எல்லாப் பாடங்களும் அவள் கை வழியாகத்தான் போய்வருகின்றன. அவற்றில் அவளுக்கு மிகவும் பிடித்தது விலங்கியல் இரண்டாம் ஆண்டு நோட்ஸில் மரபியல் பகுதி. யாரோ ஒரு பெண் என்றைக்கோ குண்டு குண்டாக எழுதிவைத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு வருஷமும் புதுப் பையன்கள் பழைய பையன்களின் நகலைக் கொண்டுவந்து அதற்கு நகல் எடுப்பார்கள். பட்டாணிச் செடி, நெட்டை, குட்டை, நாலு கட்டம் போட்டு அதற்குள் எழுத்து என்று இருக்கும் அந்தப் பக்கங்களை அக்கா அறுநூறு தடவையாவது படித்திருப்பாள்.

படித்ததோடு விட்டாளா? கடையில் ஒரு பூனை இருந்தது. அட்டைக் கறுப்பு. பேர் டோனர். ஜெராக்ஸ் மெஷினில் போடுகிற கறுப்புப் பொடியின் பேரைத்தான் அக்கா அதற்கு வைத்திருந்தாள். டோனர் முதல்முறை வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நாலு கட்டம் போட்டாள்.

"இங்க பாருடா. ஒவ்வொரு குட்டிக்கும் நிறத்துக்கு ரெண்டு சீட்டு. அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. ரெண்டுல ஒண்ணு கறுப்புச் சீட்டா இருந்தாக்கூட குட்டி கறுப்பாத்தான் பிறக்கும். ரெண்டுமே சாம்பல் சீட்டா விழுந்தாத்தான் சாம்பல் குட்டி."

"டோனர் கறுப்புதானே. அதுகிட்ட ஏது சாம்பல் சீட்டு?"

"டோனரோட அம்மா சாம்பல். பைண்டிங் கடையில இருந்துதே, நீ கூட மிதிச்சியே. அந்த அம்மாகிட்ட சாம்பல் சீட்டைத் தவிர வேற எதுவும் கிடையாது. அதனால டோனருக்குள்ள ஒரு சாம்பல் சீட்டு ஒளிஞ்சிருக்கு. வெளிய தெரியல, அவ்வளவுதான்."

அப்பா யார் என்பதில் சந்தேகமே இல்லை. எங்கள் கடைக்கு அடுத்த மெக்கானிக் ஷெட்டில் ஒரு கடுவன் இருந்தான். ஒரு காது கிழிந்தவன், வால் நுனி மடங்கியவன். அந்தத் தெருவில் வேறு எந்தக் கடுவனையும் அவன் உள்ளே விட்டதில்லை. அவனும் கறுப்புதான். ஷெட்டில் படுத்துப் படுத்து ஆயிலில் கறுத்துவிட்டானோ என்று நான் சொன்னதற்கு அக்கா என்னை முறைத்தாள். அவன் பிறந்தது தெருக்கோடி சிமெண்ட் குடோனில் என்று கேள்விப்பட்டு, வேலை மெனக்கெட்டுக் கடையை என்னிடம் விட்டுவிட்டுப் போய் விசாரித்துவந்தாள். அவனுடைய அம்மா இன்னும் அங்கேதான் மூட்டைமேல் படுத்திருக்கிறதாம். அக்கா கண்ணாலேயே பார்த்தாளாம். நல்ல சாம்பல் நிறமாம்.

"அப்ப இவனுக்குள்ளயும் ஒரு சாம்பல் சீட்டு. நாலு கட்டத்துல மூணு கறுப்பு, ஒண்ணு சாம்பல்" என்று முடித்தாள்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு, ஸ்பைரலுக்கு எவ்வளவு என்று எழுதித் தொங்கவிட்ட போர்டுக்குக் கீழே இன்னொரு தாளை ஒட்டினாள். 'டோனர், முதல் ஈத்து. எதிர்பார்ப்பு: கறுப்பு மூன்று, சாம்பல் ஒன்று.' கல்லூரி முழுக்க அதைப் படித்தது. பையன்கள் அவளிடம் தங்கள் எதிர்காலத்தையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"அக்கா, எனக்குச் சுருட்டை முடி. அவளுக்கு நேர் முடி. எங்க குழந்தைக்கு எப்படிக்கா இருக்கும்?"

"முதல்ல அந்தப் பொண்ணு உன்னைத் திரும்பிப் பாக்குதான்னு பாரு. முடியைப் பத்தி அப்புறம் பேசலாம்."

டோனர் ஒரு மத்தியானம் காலிக் காகிதப் பெட்டிக்குள் படுத்தது. முதல் குட்டி கறுப்பு. அக்கா தலையாட்டினாள். இரண்டாவது கறுப்பு. மூன்றாவது கறுப்பு. "பாத்தியா, கணக்கு அப்படியே வருது. இப்ப வரப்போறது சாம்பல்" என்று அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். வரிசையில் நின்ற பையன்களும் எட்டிப் பார்த்தார்கள். நாலாவதும் வந்தது. அடுப்புக்கரி கெட்டது போங்கள், அப்படி ஒரு கறுப்பு. நாலுக்கும் வால் நுனி மடங்கியிருந்தது. அப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

பையன்கள் சிரித்த சிரிப்பில் அக்காவின் முகம் தொங்கிப்போனது. அந்த நேரம் பார்த்துத்தான் அவர் வந்தார்.

கல்லூரியின் விலங்கியல் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். தவளைகளையும் பாம்புகளையும் பாட்டிலில் போட்டு மருந்து ஊற்றி அடுக்கிவைப்பதும், பையன்கள் அவற்றை உடைத்தால் கூட்டி அள்ளுவதும் அவர் வேலை. எங்கே போனாலும் அந்த மருந்து வாடை அவருக்கு நாலடி முன்னால் போகும். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பேர் ஃபார்மலின் சார். ஐம்பத்திரண்டு வயது. மனைவி இறந்து ஆறு வருஷம். பிள்ளைகள் கிடையாது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் நாம் ஒரு தூக்கம் போட்டுவிடலாம்.

அவர் போர்டைப் படித்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நாலுல ஒண்ணுன்னா... நாலாவது குட்டின்னு அர்த்தம் இல்லீங்க. ஒவ்வொரு குட்டிக்கும் புதுசாத்தான் சீட்டுக் குலுக்கணும். முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. நாலுமே கறுப்பா வரலாம். நாலுமே சாம்பலாகூட வரலாம்."

"நோட்ஸ்ல அப்படி ஒண்ணும் போடலையே" என்றாள் அக்கா.

"போட்டிருக்குங்க. டிபார்ட்மெண்ட்ல அசல் இருக்கு. உங்க காப்பியில... தப்பா நினைக்காதீங்க... வலதுபக்க ஓரம் ஒரு விரக்கடை வெட்டுப்பட்டிருக்கு. ஒவ்வொரு வரியிலயும் கடைசி வார்த்தை இல்ல."

அக்கா அந்த நோட்ஸை எடுத்துப் பார்த்தாள். 'நான்கில் ஒன்று என்பது ஒவ்வொரு' என்று ஒரு வரி முடிந்தது. அடுத்த வரி 'தனித்தனி வாய்ப்பு என்பதை மறக்க' என்று நின்றது. மறக்கவேண்டுமா, கூடாதா என்று சொல்லவேண்டிய இடத்தில் காகிதம் தீர்ந்துபோயிருந்தது. பதினொரு வருஷமாக அக்கா தாளைக் கண்ணாடிமேல் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்ததில் அந்தக் கல்லூரியே கடைசி வார்த்தை இல்லாமல் மரபியல் படித்துத் தேறியிருக்கிறது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் கடை ரெண்டுபட்டிருக்கும். அக்கா காது மடல் வரை சிவந்து, "நீங்க அசலைக் கொண்டுவாங்க. நான் சரியா எடுத்துத் தரேன்" என்றாள். நான் கையில் வைத்திருந்த டீயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு தப்பை ஒப்புக்கொண்டதை நான் பார்ப்பது அதுதான் முதல்முறை.

அவர் போகும்போது, "எனக்குச் சாம்பல் பூனைன்னா ரொம்பப் பிடிக்குங்க. வந்தா எனக்கு ஒண்ணு எடுத்துவைங்க" என்றார்.

"வரும். உங்களுக்குத்தான். வாக்குன்னே வச்சுக்கங்க" என்றாள் அக்கா.

அந்த ஒரு வாக்கில் தொடங்கியது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் அசலைக் கொண்டுவந்தார். அதற்கடுத்த செவ்வாய் டோனர் எப்படி இருக்கிறது என்று கேட்க வந்தார். சும்மா வந்ததாகத் தெரியக்கூடாதே என்று அடையாள அட்டையை நீட்டி ஒரு நகல் எடுக்கச் சொன்னார். அதற்கடுத்த செவ்வாயும் அதே அட்டை, அதே ஒரு நகல். அந்த ஆளுக்குத் தன்மேல் அவ்வளவு சந்தேகமா என்று எனக்குத் தோன்றியது. அக்காவோ அந்த ஒரு நகலைக் கண்ணும் கருத்துமாக எடுத்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உறையில் போட்டுக் கொடுப்பாள். செவ்வாய்க்கிழமைகளில் பவுடர் போட்டுக்கொள்ளவும் ஆரம்பித்தாள்.

"கறுப்புப் பொடி பறக்கிற கடையில வெள்ளைப் பொடி எதுக்குக்கா?" என்றேன்.

"வேர்க்குது" என்றாள். குளிர்காலம் அது.

மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே கிடையாது. ஆனால் இரண்டு பேரும் பேசியதெல்லாம் பூனையைப் பற்றித்தான். அவர் கேட்கமாட்டார். இவள் சொல்லமாட்டாள். நடுவில் ஒரு சாம்பல் குட்டி பிறக்கவேண்டும், அதை அவர் கையில் கொடுத்து வாக்கைக் காப்பாற்றவேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா முடிவு கட்டியிருந்தாள். அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அவள் முகத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்குச் சொல்லவா வேண்டும்?

இரண்டாம் ஈத்து மூன்று குட்டி. கறுப்பு. மூன்றாம் ஈத்து ஐந்து. கறுப்பு. நாலாம் ஈத்து நாலு. அவையும் கறுப்பு. ஒவ்வொரு தடவையும் அவர் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "பரவால்லீங்க, அடுத்த வாட்டி பாக்கலாம். வந்ததுக்கு ஒண்ணை எடுத்துட்டுப் போறேன்" என்று ஒரு கறுப்புக் குட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவார். ஒரு தடவை இரண்டு, ஒரு தடவை மூன்று. அப்படி ஆறு சேர்ந்துவிட்டன அவர் வீட்டில். அவருடைய இரண்டு அறை வீட்டுக்கு ஒருமுறை மீட்டர் பார்க்கப் போனேன். ஆறும் வரிசையாக ஜன்னலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தன. எது எது என்று அவருக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் பொதுவாக "கண்ணா" என்று கூப்பிட்டார்.

அக்காவுக்கு வைராக்கியம் ஏறிக்கொண்டே போனது. நல்ல வேளையாக மற்றக் குட்டிகளுக்கு மாணவர் விடுதியில் எப்படியோ வீடு கிடைத்துக்கொண்டிருந்தது. போர்டில் தாள் மாறிக்கொண்டே இருந்தது. இப்போது 'சாம்பல் ஒன்று' என்று எழுதாமல், 'ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு' என்று ஒழுங்காக எழுதினாள். பதினாறு குட்டியும் கறுப்பாக வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று ஒரு கணக்குப் படிக்கும் பெண் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினாள். "பாரு, எவ்வளவு துரதிருஷ்டம்" என்று அக்கா என்னிடம் சொன்னாள். நூற்றில் ஒன்று நடந்திருக்கிறது என்றால் கணக்கில் வேறு எங்கோ ஓட்டை இருக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. எனக்கு யூனிட் கணக்கு மட்டும்தான் வரும்.

டோனர் ஐந்தாம்முறை வயிற்றைத் தள்ளியபோது கல்லூரியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். நகலெடுக்க வந்தது எங்கள் கடைக்குத்தான். அக்கா வழக்கம்போலப் படித்தாள். இந்த முறை "அடப்பாவி" என்று சொல்லவில்லை. விஞ்ஞானப் பிரிவுகள் எல்லாம் மாதக் கடைசியில் ஊருக்கு வெளியே புதுக் கட்டிடத்துக்குப் போகின்றன. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பரிசோதனைக் கூட ஊழியர்கள் அங்கேயே குடிபோகவேண்டும். இருபது நகல் எடுக்கச் சொன்னார்கள். அக்கா எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் போய் நிறுத்தியபோது எழுபது ஆகியிருந்தது.

"இந்த ஈத்துல வந்துடும்டா. அவர் போறதுக்குள்ள வந்துடும்" என்றாள். ஒரு சின்னக் கூடையை வாங்கி, அதில் புதுத் துண்டு ஒன்றை மடித்துப் போட்டு, மெஷினுக்குப் பின்னால் வைத்தாள். சாம்பல் குட்டியை அவருக்குக் கொடுத்தனுப்புவதற்கு. 

அந்த வாரம் எனக்குத் தெருக்கோடிப் பகுதியில் மீட்டர் வேலை. சிமெண்ட் குடோனுக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. சும்மா இல்லை, வெளுத்து வாங்கியது. மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒதுங்கி நின்றேன். குடோனில் ஆட்கள் தார்ப்பாயை இழுத்து மூட்டைகளை மூடினார்கள். அதில் ஒரு மூட்டைமேல் படுத்திருந்த சாம்பல் பூனையை ஒருவர் விரட்டினார். அது கோபித்துக்கொண்டு மழைக்குள் குதித்து, முற்றத்தைத் தாண்டி ஓடி, எதிர்த் தாழ்வாரத்தில் ஏறி உடம்பை உதறியது.

எதிர்த் தாழ்வாரத்தில் ஏறியது கறுப்புப் பூனை.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். முற்றத்தில் ஒரு சாம்பல் கோடு கரைந்து வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. குடோன்காரரிடம் கேட்டேன். "அதுவா? அது கறுப்புதாங்க. மூட்டைமேல படுத்துப் படுத்து அப்படித் தெரியுது. மழை விட்டா மறுபடி சாம்பலாயிடும்" என்றார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டு வருஷம், நாலு ஈத்து, நாலு கட்டம், போர்டு, கால்குலேட்டர், எல்லாம் ஒரு மூட்டை சிமெண்டில் நின்றிருக்கிறது! கடுவனின் அம்மா கறுப்பு. பதினாறும் கறுப்பாக வந்ததைப் பார்த்தால் கடுவனிடம் சாம்பல் சீட்டே கிடையாது. டோனர் தலைகீழாக நின்று குட்டி போட்டாலும் கறுப்பைத் தவிர வேறு வராது. அக்காவை ஆயுசுக்கும் இதை வைத்தே ஓட்டலாம் என்று மழையிலேயே நனைந்துகொண்டு கடைக்கு ஓடினேன்.

அக்கா கூடையில் துண்டை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். "நனைஞ்சிட்டு வரியே, அறிவிருக்கா?" என்று அந்தத் துண்டாலேயே என் தலையைத் துவட்டப் பார்த்து, பிறகு ஞாபகம் வந்து வேறு துணியை எடுத்தாள்.  மழை என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், டோனர் பெட்டிக்குள் படுத்தது. கடை மூடியிருந்தது. நாங்கள் இரண்டு பேர்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலும் கறுப்பு, நாலுக்கும் மடங்கிய வால். அக்கா டோனரின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணு இருக்குடா உள்ள. எனக்குக் கையில தட்டுப்படுது" என்றாள். ஒன்றும் இல்லை. அவளுக்கும் தெரியும். அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குடோனில் பார்த்ததைச் சொல்லிவிட்டேன்.

 அக்கா ஒரு தாளை எடுத்தாள். கட்டம் போட்டாள். அப்பா பக்கம் இரண்டு சீட்டிலும் கறுப்பு என்று எழுதினாள். நாலு கட்டத்தையும் நிரப்பினாள். அவள் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

"நாலுமே கறுப்பு. இருபதும் கறுப்பாத்தான் வரணும். அப்ப என் கணக்கு தப்பே இல்லடா! சிமெண்ட்தான் தப்பு!"

"ஆமாக்கா."

"அதானே பாத்தேன். நூத்துல ஒண்ணாவது, மண்ணாவது!"

ஒரு நிமிஷம் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் பார்வை கூடையில் விழுந்தது. "அப்ப சாம்பல் குட்டி என்கிட்ட வரவே வராது" என்றாள். "ரெண்டு வருஷமா அந்த மனுஷனை அலைய விட்டிருக்கேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுதி அனுப்பிவிடலாம் என்றேன். "வேணாம். வாக்குக் கொடுத்தது நான். நானே சொல்றேன். சொன்னா அவர் போயிடுவார், அவ்வளவுதானே" என்றாள். அவ்வளவுதானே என்று அவள் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் விடுப்புப் போட்டுவிட்டுக் கடையிலேயே இருந்தேன். தேர்வு நேரம். வாசலில் இருபது பேர் வரிசை. பதினொரு மணிக்கு மருந்து வாடை வந்தது. பின்னாலேயே அவர் வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பரவால்லீங்க..." என்று ஆரம்பித்தார்.

"அடுத்த வாட்டியும் வராது" என்றாள் அக்கா. மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றாள். "எந்த வாட்டியும் வராது. கடுவனோட அம்மா சாம்பல் இல்ல. கறுப்பு. உடம்பெல்லாம் சிமெண்ட். நான்தான் சரியா விசாரிக்காம உங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். மன்னிச்சிருங்க. சாம்பல் பூனை வேணும்னா வேற எங்கயாவது பாருங்க."

வரிசை முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவர் தரையைப் பார்த்தார்.

"தெரியுங்க" என்றார்.

"என்ன தெரியும்?"

"அது சிமெண்டுன்னு... ரெண்டாவது ஈத்து முடிஞ்சு, வீட்ல தண்ணித் தொட்டி பூச ஒரு மூட்டை வாங்கப் போனேன். அந்தப் பூனையைத் தடவிக் கொடுத்தேன். கையெல்லாம் ஒட்டிக்கிச்சு."

அக்காவுக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ.

"தெரிஞ்சுகிட்டே சும்மா இருந்தீங்களா? ஒன்றரை வருஷமா நான் அந்த போர்டுல பொய் எழுதி ஒட்டிக்கிட்டு இருக்கேன்! ஊரே படிக்குது! இந்தப் பசங்க எல்லாம் அதைப் பாத்துப் பரீட்சை எழுதுதுங்க! ஓரம் வெட்டுப்பட்டுச்சுன்னு சொல்ல வந்தீங்களே, அன்னிக்கு இருந்த வாய் இதைச் சொல்ல எங்க போச்சு?"

"சொல்லியிருக்கணும்."

"வராதுன்னு தெரிஞ்சும் வந்து வந்து எட்டிப் பாத்தீங்களா? ஆறு பூனையைத் தூக்கிட்டுப் போனீங்களே, எதுக்கு?"

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். இந்த ஆள் இப்போது வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் மாதக் கடைசியே வந்துவிடுமே என்று எனக்குப் பதைத்தது. ஆனால் அவர் ஒரே மூச்சில் சொன்னார்.

"சொல்லிட்டா நீங்க போர்டைக் கழட்டிடுவீங்க. அப்புறம் நான் எதைக் கேட்டுக்கிட்டு இங்க வர்றது?"

யாரோ ஒரு பையன் விசிலடிக்கப் பார்த்தான். பக்கத்திலிருந்த பெண் அவன் காலை மிதித்தாள்.  அவர் இன்னும் கொஞ்சம் தைரியம் வந்தவராக, "அங்க புதுக் கட்டிடம் வாசல்ல ஒரு கடை காலியா இருக்கு. போய்ப் பாத்துட்டு வந்தேன். இதைவிடப் பெருசு. பின்னாடியே வீடு. ரெண்டு பேருக்கு... பூனைகளுக்கும் சேத்து... நீங்க அங்க கடை போடறதா இருந்தா..." என்று இழுத்தார்.

"கடைக்கு ஆள் தேடுறீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப கேக்கறதை நேரா கேளுங்க. சுத்தி வளைச்சுக் கேட்டு இருபது பூனை ஆச்சு."

அவர் நேராகக் கேட்டார். மெதுவான குரல்தான். ஆனால் மெஷின் ஓடவில்லை, வரிசையில் யாரும் மூச்சுவிடவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

 அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். என் முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. நான் என்ன படிக்கவேண்டும், எந்தச் சட்டை போடவேண்டும், எத்தனை மணிக்குத் தூங்கவேண்டும், எல்லாம் அவள் உத்தரவுதான். இப்போது கையில் கறுப்புப் பொடியோடு, பவுடர் வேர்வையில் கரைய, பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போக்கா" என்றேன்.

"சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவ?"

"எனக்குச் சமைக்கத் தெரியும்."

"பொய். அடுப்பை எந்தப் பக்கம் திருப்பணும்னுகூட உனக்குத் தெரியாது."

"கத்துக்கறேன். டோனரை என்கிட்ட விட்டுட்டுப் போ. துணைக்கு இருக்கட்டும். நீ போ."

அக்கா அவர் பக்கம் திரும்பி, "சரி" என்றாள்.  அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது. அவர் கைக்குட்டையை அவளிடம் நீட்டினார், மருந்து வாடையில் அவள் தும்மினாள். வரிசையில் நின்ற இருபது பேருக்கும் அன்று நகல் கிடைக்கவில்லை.